தூதுக்குழு: ஒருவர்

பத்து நாற்காலி போட்டிருந்தோம்.
ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு அப்படி:
வருகை தரும் கிளையின் குழு
பத்துப் பேருக்குக் குறையாமல்.

பேருந்திலிருந்து இறங்கியவர் நுமாஜிரி மட்டும்.
கூடவே நான்கு பெட்டிகள்.

அவருடைய ருமொய் ஜப்பானின் வடக்கே, கடலை ஒட்டி.
எங்கள் தர்ஹானில் சிமெண்ட் ஆலை உண்டு, மாவு மில் உண்டு;
கடல் பார்க்க இன்னொரு நாட்டைத் தாண்டவேண்டும்.
நேரத்தில் மட்டும் நெருங்கிய சொந்தம்:
ஒரே ஒரு மணி வித்தியாசம்.

பதினோரு வருடத்துக்கு முன் கையெழுத்தான அன்று
நான் உறுப்பினர்கூட இல்லை.
மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள், நாள் கூலிக்கு.
‘இயன்றவரை முயல்வோம்’ என்றது அவர்கள் பிரதி.
எங்கள் தலைவர் தமிர் பேனாவை மூடினார்:
‘இயலாவிட்டால்?’
அந்த ஒரு சொல்லுக்கு மூன்று மணி நேரம்.
ஆட்டுக்கறி சூப் ஆறி, கொழுப்பு ஏடு கட்டியது.
கடைசியில் அவரவர் மொழியில்
அவரவருக்குப் பிடித்ததை எழுதிக்கொண்டார்கள்.
இரண்டும் ஒன்றல்ல என்று
அந்த அறையில் எனக்குத் தெரியும்.
கூலியை வாங்கிக்கொண்டேன். சொல்லவில்லை.

பிறகு போனோம், வந்தார்கள்.
ஒரு பிப்ரவரியில் அவர்கள் ஊரின்
ஆளில்லாத வீடுகளின் கூரையிலிருந்து பனி தள்ளினோம்.
மைனஸ் முப்பத்தைந்தில் வளர்ந்தவர்கள்தான்,
ஆனாலும் அந்த ஈரப்பனி புதிது:
ஒரு மண்வாரி அள்ளினால் ஒரு மாவு மூட்டை.
கணக்காளர் நோமினுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.
அவர்களில் ஒரு பல் மருத்துவர் நீவிவிட்டார்,
இடுப்பைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாதென்று
மன்னிப்புக் கேட்டபடியே.

நாற்பது வயதானால் விலகவேண்டும்.
இங்கும் அங்கும் அதே விதி.
கையெழுத்திட்டவர்களில் ஒருவரும் இன்று உள்ளே இல்லை.
தமிர் தக்காளி வளர்க்கிறார், கண்ணாடிக் குடிலில்.
சனிக்கிழமைகளில் எட்டிப்பார்த்து
‘ருமொய்க்காரர்கள் எப்படி?’ என்பார்;
பதிலுக்கு நிற்கமாட்டார்.

எங்களுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது.
அவர்களுக்கு,
ரயில் பாதையை மூடிய வருடம் ஒன்பது பேர்,
அடுத்த வருடம் நான்கு,
இப்போது
பத்து நாற்காலிகளில் எதில் உட்காருவதென்று தெரியாமல்
நின்றுகொண்டிருக்கும் இவர்.

‘மதிப்பிற்குரிய தூதுக்குழுவினரே’ என்று
வரவேற்புரை பன்மையில் அச்சாகிவிட்டது.
மரியாதைக்கென்று இருக்கட்டும், அப்படியே படித்தேன்.
ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பரிசுப்பொதி வைத்தார்,
விலகிப்போன ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி.
பல் மருத்துவர் அனுப்பியது நோமினுக்கு:
இடுப்புப் பட்டை.
அவள் சிரித்து, உடனே வெளியே போய்விட்டாள்.

இரவு, சாப்பிட்டு முடிந்து மற்றவர்கள் கிளம்பியபின்
அந்தப் பழைய சொல்லைப் பற்றிச் சொன்னேன்.
அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார்.
‘தெரியும். எங்கள் பக்கமும்
ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார்.’
‘அவர் ஏன் சொல்லவில்லை?’
‘சொன்னார். நாங்கள்
கேட்காததுபோல் இருந்துவிட்டோம்.’

காலையில் புதுப்பிப்புக் கூட்டம்.
ஏப்ரலில் அவர்கள் கிளை பக்கத்து நகரத்தோடு சேர்கிறது.
அதன்பின் இந்த முத்திரை செல்லுமா என்று
எங்கள் சட்டப் பொறுப்பாளர் கேட்டார்;
நியாயமான கேள்வி.
யாரும் பதில் சொல்லவில்லை.
முத்திரையின் சிவப்பு மை காய்ந்திருந்தது.
நுமாஜிரி அதை வாயருகே கொண்டுபோய்
ஹா என்று ஊதி ஊதி ஈரமாக்கினார்,
ஜன்னல் கண்ணாடியில் எழுதப்போகும் பையன்போல.

எனக்கு ஆகஸ்டில் நாற்பது.

அடுத்த பிப்ரவரியில் பனி தள்ள
இங்கிருந்து பத்துப் பேர் வரலாமா என்று
பின்வரிசையிலிருந்து யாரோ, புதிய பெண், கேட்டாள்.
அவர் முத்திரையைப் பதித்தார், எடுத்தார்,
கொஞ்சம் கோணலாய் விழுந்திருந்ததைப் பார்த்தார்.
‘இயன்றவரை’ என்றார் தம் மொழியில்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

மொழிபெயர்த்தேன்.